ஓர்லாவுக்குப் பிடிக்காதவை

எங்கள் ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் டீ வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மறுபடி கேட்பார்கள். இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன், எதற்குச் சிரமம் என்று சொல்ல வேண்டும். மூன்றாம் முறை, தண்ணீர் ஏற்கெனவே கொதித்துவிட்டது என்று அவர்கள் அடித்துச் சொல்லும்போது, சரி, உங்களுக்காக அரைக் கோப்பை என்று உட்கார்ந்து மூன்று கோப்பை குடிக்கலாம். கேட்ட உடனேயே 'கொடுங்க' என்றவன் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவன்தான். தலைநகர் டப்ளினிலிருந்து கணக்கெடுக்க வந்த பையன். எங்கள் டூனகாரில் இன்றுவரை அவனைப் பற்றிப் பேச்சு ஓயவில்லை.

அவன் வந்தது மூன்று வருடங்களுக்கு முன்பு. குழந்தைகளின் வறுமையை அளக்கும் கணக்கெடுப்பு. பன்னிரண்டு வீடுகளில் உட்கார்ந்து, படிவம் நிரப்பி, கொடுத்த கேக்கையெல்லாம் தின்றுவிட்டுப் போனான். முடிவு வந்தது. மாவட்டத்திலேயே ஏழைக் குழந்தைகள் இல்லாத ஊர் எங்களுடையதாம். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

சிரிக்கிற விஷயமில்லை என்று பிறகுதான் உறைத்தது. இருபத்தொரு பிள்ளைகள் படிக்கும் எங்கள் பள்ளிக்குத் தினமும் பன்னிரண்டரை மணிக்கு வேனில் சூடான சாப்பாடு வருகிறது. திட்டம் புதிது என்பதால் அந்த முறை எல்லாப் பள்ளிகளுக்கும் கொடுத்தார்கள். அடுத்த கணக்கெடுப்பிலும் ஊர் வசதியானது என்று வந்தால் வேன் நின்றுவிடும் என்று எழுதியே அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமைகளில் ஒரு பருக்கைகூட மிச்சம் வருவதில்லை என்று ஆசிரியை என்னிடம் சொல்லியிருக்கிறார். சனி, ஞாயிறு வீட்டில் என்ன நடக்கிறது என்று அதற்கு மேல் யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

நான் அட்ராக்டா. இருபத்தாறு வருடம் இந்த ஊர்த் தபால் நிலையத்தின் கவுன்ட்டரில் உட்கார்ந்தவள். யார் வீட்டில் அடுப்பு எரிகிறது, யார் வீட்டில் எரியவில்லை என்பது உதவிப்பணம் வாங்கப் போடும் கையெழுத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். தபால் நிலையத்தை மூடியபோது ஒரு கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். சும்மா இருக்க முடியாமல் கணக்கெடுப்பு வேலைக்கு எழுதிப் போட்டேன். இந்த முறை எங்கள் ஊர் என் தலையில் விழுந்தது.

படிவத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று கட்டங்கள். முதலாவது, இருக்கிறது. இரண்டாவது, இல்லை, வசதி இல்லாததால். மூன்றாவது, இல்லை, வேறு காரணத்தால். இரண்டாவது கட்டத்தில் மூன்று குறியாவது விழுந்தால்தான் அந்த வீட்டுக் குழந்தை வறுமைக் கணக்கில் சேரும். மூன்றாவது கட்டத்தில் முப்பது விழுந்தாலும் சேராது. கேள்வியை எழுதியிருக்கிறபடி ஒரே ஒரு முறை படிக்க வேண்டும். விளக்கக் கூடாது, தூண்டக் கூடாது. காதில் விழவில்லை என்று அவர்களாகச் சொன்னால் மட்டும் மறுபடி படிக்கலாம். மூன்றாம் முறை கேட்டால்தான் வாயைத் திறக்கிற ஊரில் ஒரு முறை கேட்டுவிட்டுப் போனால் என்ன கிடைக்கும்? வேண்டாம், பிடிக்காது, எதுக்குச் சிரமம். எங்கள் மரியாதையையெல்லாம் அந்தப் பையன் மூன்றாவது கட்டத்தில் குறித்துக்கொண்டு போய்விட்டான்.

போதாததற்கு, வீட்டில் கார் இருக்கிறதா என்று ஒரு கேள்வி. இருந்தால் வசதியான வீடு. அதை எழுதியவர் வீட்டு வாசலில் பஸ் ஏறுகிறவராகத்தான் இருக்க வேண்டும். எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்த ஒரே பஸ்ஸும் நின்று ஏழு வருடமாகிறது. கார் இல்லாவிட்டால் வேலை இல்லை, மருத்துவர் இல்லை, ரொட்டியும் இல்லை. இங்கே கார்தான் முதலில் சாப்பிடும். அது சாப்பிட்ட மிச்சத்தைத்தான் பிள்ளைகள் சாப்பிட வேண்டும்.

முதல் வீடு மஜெல்லாவுடையது. சதுப்பு நிலத்தை ஒட்டிய சாலையின் கடைசி வீடு. மஜெல்லாவுக்கு முப்பத்துநான்கு வயது. எட்டு வயதில் கால் விரலை ஊன்றி எக்கி என் கவுன்ட்டரில் தபால்தலை வாங்கியவள். இப்போது நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு முதியோர் இல்லத்தில் காலை வேலை. கணவன் ஃபெர்கல் இங்கிலாந்தில் கட்டட வேலை செய்கிறான். ஆறு வாரத்துக்கு ஒரு முறை வருவான். அவள் வேலையிலிருந்து திரும்பிய பிறகு நான்கு மணிக்கு வரச் சொல்லியிருந்தாள்.

வீடு பளிச்சென்று இருந்தது. எனக்காகத் தேய்த்திருக்கிறாள். சமையலறை மேசையில் அவள் மகள் ஓர்லா கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது, மூக்கு முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். மேசைக்கு அடியில் நான்கு வயது டெக்லன் துணி மாட்டும் கிளிப்புகளை வரிசையாக வைத்து ரயில் விட்டுக்கொண்டிருந்தான். டீயை இரண்டு முறை மறுத்து, மூன்றாம் முறை வாங்கிக்கொண்டு படிவத்தைப் பிரித்தேன்.

"குழந்தைக்குச் சரியான அளவில் இரண்டு ஜோடி காலணிகள் உள்ளனவா?"

"இருக்கே. ஒண்ணு ஷூ. ஒண்ணு ரப்பர் பூட்ஸ்."

முதல் கட்டம். மழைக்கோட்டு இருக்கிறது. முதல் கட்டம். கார் இருக்கிறது. அதன் ஒரு கதவு வெள்ளி நிறம், மற்றது பச்சை. அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

"குழந்தையின் பிறந்தநாள் நண்பர்களுடன் கொண்டாடப்படுகிறதா?"

"ஓர்லாவுக்குக் கூட்டம்னா ஆகாது. அவளே வேணாம்னுடுவா."

"நண்பர்கள் வீட்டுக்கு அழைக்கப்பட்டு உணவு தரப்படுகிறதா?"

"அதான் சொன்னேனே. தனியா இருக்கத்தான் அவளுக்குப் பிடிக்கும்."

"கட்டணம் செலுத்தும் பயிற்சிகள், உதாரணமாக நீச்சல்?"

"தண்ணின்னா அவளுக்குப் பயம், அட்ராக்டா. டவுன்ல நீச்சல் கிளாஸ் போட்டப்ப எல்லாப் பிள்ளைங்களும் போச்சு. இவ மட்டும் மாட்டேன்னு ஒரே பிடிவாதம்."

என் பேனா நின்றது. போன ஆகஸ்டில் படகுத்துறையின் உச்சியிலிருந்து இவள் தலைகீழாகக் குதித்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஓர்லாவைப் பார்த்தேன். அவள் குனிந்த தலை நிமிரவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

"பள்ளிச் சுற்றுலா?"

"ஜூன்ல கோட்டை பாக்கக் கூட்டிட்டுப் போனாங்க. பஸ்ல ஏறினா வாந்தி வரும்னு இவ போகல. அன்னிக்கு முழுக்க எனக்குத் துணி காயப்போட்டுக் குடுத்தா."

மஜெல்லா பொய் சொல்லவில்லை. அவள் பொய் சொன்னால் எனக்குத் தெரியும். சிறு வயதிலிருந்து பார்க்கிற முகம். சொன்னதையெல்லாம் அவள் நம்பிச் சொன்னாள். கொஞ்சம் பெருமைகூட இருந்தது. எதற்கும் அடம்பிடிக்காத பிள்ளை. மூன்றாவது கட்டத்தில் வரிசையாக நான்கு குறி போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

சட்டத்துக்குள் ஏதாவது செய்யலாம் என்று தோன்றியது. அடுத்த கேள்வியை வேண்டுமென்றே வாய்க்குள் முணுமுணுத்தேன். கேட்கவில்லை என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாவற்றையும் மறுபடி ஆரம்பித்துவிடலாம்.

"காதுல விழுந்துச்சா, மஜெல்லா?"

"நல்லா விழுந்துச்சு. உங்களுக்குத்தான் தொண்டை சரியில்ல போல. இன்னும் கொஞ்சம் டீ ஊத்தட்டுமா?"

என் தந்திரம் அதோடு முடிந்தது. பக்கத்தைத் திருப்பினேன். இனிப் பெரியவர்களுக்கான கேள்விகள்.

"இரண்டு நாளுக்கு ஒரு முறையாவது இறைச்சி, கோழி அல்லது மீன் சாப்பிடுகிறீர்களா?"

"பிள்ளைங்களுக்குச் செய்வேன். எனக்கு அது பிடிக்காது. வாசனையே ஒத்துக்காது."

"பழைய உடைகளுக்குப் பதிலாகப் புதிய உடைகள்?"

"எனக்கு எங்க அந்த ஆசையெல்லாம்."

"மாதம் ஒரு முறையாவது நண்பர்களுடனோ உறவினர்களுடனோ வெளியே போய்ச் சாப்பிடுவதுண்டா?"

"கூட்டம்னா எனக்கு ஆகாது. தனியா இருக்கத்தான் பிடிக்கும்."

பென்சில் கீழே விழுந்த சத்தம் கேட்டது. ஓர்லா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா."

"நீ உன் கணக்கப் போடு."

"அது நான் சொல்றது."

"எது?"

"கூட்டம் ஆகாதுன்னு. அது என்னோடது. நான்தான் அப்படிச் சொல்வேன்."

"சரி, உனக்கும் ஆகாது, எனக்கும் ஆகாது. என் வயித்துல பொறந்தவதானே நீ?"

"எனக்கு ஆகும்மா." ஓர்லா நோட்டை மூடினாள். "நான் பொய்தான் சொன்னேன். எங்க கிளாஸ் மேவ் பர்த்டேக்குக் கூப்பிட்டா. போனா ஏதாவது வாங்கிட்டுப் போகணும்ல. அப்புறம் அவளை நம்ம வீட்டுக்குக் கூப்பிடணும். அதான்." மூச்சு வாங்கிக்கொண்டு, "நீயும் பொய்தானே சொல்ற?" என்றாள்.

"ஓர்லா!"

"உனக்குக் கோழி பிடிக்கும். அப்பா வர்ற ஞாயித்துக்கிழமை மட்டும் சாப்பிடுற. எலும்பக்கூட விடமாட்ட. நான் பாத்திருக்கேன்."

மேசைக்கு அடியிலிருந்து டெக்லன், "ஆமா, சூப்பி சூப்பிச் சாப்பிடுவாங்க," என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அதே நேரத்தில் கண்ணும் நிறைந்துவிட்டது. மஜெல்லாவுக்கு இரண்டும் வரவில்லை. நின்ற இடத்திலேயே நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"பஸ்ல வாந்தி வரும்னியே?"

"வராது."

"கோட்டைக்குப் போகணும்னு இருந்துச்சா உனக்கு?"

ஓர்லா தலையாட்டினாள்.

"தண்ணிக்குப் பயம்?"

"படகுத்துறை மேலேர்ந்து குதிப்பேன்மா."

"குதிப்பியா! அந்த உச்சிலேர்ந்தா? கீழ பூராவும் பாறைடி! எவ உன்னை அங்க விட்டது?" என்று அடிக்கக் கையை ஓங்கியவள், ஓங்கிய கையாலேயே அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். எத்தனை 'பிடிக்காது' சொன்னாள், எத்தனையை நம்பினேன் என்று மனசுக்குள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள் போலும். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஒரு தாய் பார்க்கக் கூடாததை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், அதைக் காட்டியது என் படிவம்.

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நான் சொன்னதெல்லாம் எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

"அப்படியே போனா வேன் நின்னுடும். அப்படித்தானே?"

"அதப் பத்தி நான் பேசக் கூடாது, மஜெல்லா."

"மாத்தணும்னா நான் என்ன சொல்லணும்?"

"அதையும் நான் சொல்லித்தரக் கூடாது."

"அப்ப எதுக்குத்தான் வந்தீங்க? எங்க வீட்டுப் பானையைத் திறந்து பாத்துட்டுப் போகவா?"

அந்தக் கோபம் நியாயமானது. நான் வாங்கிக்கொண்டேன். "காதுல விழலன்னு சொன்னா மறுபடி படிக்கலாம்," என்று மட்டும் சொன்னேன். அது சொல்லித்தருவதா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை.

மஜெல்லா நாற்காலியை இழுத்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"விழல," என்றாள். "ஒண்ணுகூட விழல. முதல்லேர்ந்து படிங்க."

படித்தேன். பிறந்தநாள் கேள்வி வந்ததும் நின்றுவிட்டாள். ஓர்லாவிடம், "போய் அடுப்புல எரிக்கச் சதுப்பு மண்கட்டி எடுத்துட்டு வா," என்றாள். ஓர்லா அசையவில்லை. "கூடை நிறையத்தான் இருக்கு," என்றாள். இருந்தது. அந்தச் சமையலறையில், அந்தப் பிள்ளைகளின் காதில் அந்த ஒரு வார்த்தை விழக் கூடாது என்பதற்காக மஜெல்லா எத்தனை வருடம் பாடுபட்டிருப்பாள்? இருட்டோடு எழுந்து வண்டி ஓட்டி, யார் யாரையோ குளிப்பாட்டி, தனக்கு மட்டும் தட்டு வைக்காமல். இப்போது அதை அவளே, மகளின் முகத்துக்கு முன்னால் சொல்ல வேண்டும்.

"வசதி இல்ல," என்றாள்.

அதன் பிறகு நிற்கவில்லை. நண்பர்கள், வசதி இல்ல. நீச்சல், வசதி இல்ல. சுற்றுலா, வசதி இல்ல. ஒவ்வொன்றுக்கும் குரல் தெளிவாகிக்கொண்டே வந்தது. இறைச்சிக் கேள்வி வந்தபோது தயங்கினாள். தனக்கென்று கேட்பது அவளுக்கு இன்னும் கஷ்டம்.

"அவங்களுக்குப் பிடிக்கும்," என்றாள் ஓர்லா.

"பெரியவங்க பதிலைப் பெரியவங்கதான் சொல்லணும், ஓர்லா," என்றேன்.

"பிடிக்கும்," என்றாள் மஜெல்லா. "ரொம்பப் பிடிக்கும். வசதி இல்ல. எழுதுங்க."

பழைய குறிகளை அடித்துப் புதிதாகக் குறித்து, பக்கத்தில் என் பெயரின் முதல் எழுத்தைப் போட்டேன். படிவம் கோழி கிளறிய மண் மாதிரி ஆகிவிட்டது. மறுவாரம் அலுவலகத்திலிருந்து ஒருவர் அழைத்து, இத்தனை அடித்தல் திருத்தல் ஏன், நீங்கள் தூண்டினீர்களா என்று கேட்டார். நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை, வீட்டில் ஒரு குழந்தை இருந்தது என்றேன். குழந்தை இருக்கக் கூடாது என்று விதி இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டு, இல்லை என்றார். நானும் தேடியிருந்தேன்.

மீதிப் பதினொரு வீட்டுக்கும் பள்ளி விட்ட பிறகுதான் போனேன். எல்லா வீட்டிலும் இப்படி நடந்துவிடவில்லை. ஒரு வீட்டில் கதவைத் திறக்கவே இல்லை. இரண்டு வீடுகளில் பெற்றவர்களைவிடப் பிள்ளைகள் நன்றாகப் பொய் சொன்னார்கள். ஆனால் ஏழு வீடுகளில் மேசையோரத்திலிருந்து ஏதாவது ஒரு சின்னக் குரல், 'அம்மா, அது அப்படி இல்லையே' என்றது. மே மாதம் கடிதம் வந்தது, வேன் நிற்காது. மூன்றே வருடத்தில் டூனகார் இப்படி ஏழையாகிவிட்டதே என்று பத்திரிகையில் பெரிய கட்டுரை. எங்கள் கவுன்சிலர் வானொலியில் கவலைப்பட்டார். ஒரே இரவில் அம்மை போட்டதைப் போலப் பேசினார்கள். மஜெல்லா இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. கடையில் பார்த்தால் அடுத்த வரிசைக்குப் போய்விடுவாள். எனக்கு வருத்தமாக இருந்தது, ஆனால் குறை சொல்ல மாட்டேன்.

நான் சொல்ல வந்தது அன்று மாலையைப் பற்றி. படிவத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. கடல் காற்று வேறு. ஓர்லா வெறும் ஸ்வெட்டரோடு என் பின்னாலேயே வந்து, கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளும்மா."

"எனக்கு என்னென்ன வேணும்னு அம்மாவுக்கு இப்பத் தெரிஞ்சிடுச்சுல்ல?"

"தெரிஞ்சிடுச்சு."

"இனிமே நான் வேணாம்னு சொன்னா நம்பமாட்டாங்களே. அப்ப அவங்களுக்குக் கஷ்டமா இருக்கும். அதுக்கு என்ன பண்றது?"

நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று உள்ளுக்குள் கொஞ்சம் நிமிர்ந்திருந்தேன். அது அப்படியே உட்கார்ந்துவிட்டது. இந்தப் பிள்ளையிடம் அம்மாவுக்குக் கொடுக்க ஒரே ஒரு பொருள் இருந்தது. அதை நான் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு போகிறேன். ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் வாசலிலிருந்து மஜெல்லா கத்தினாள். "ஓர்லா! உள்ள வாடி, குளிருது!"

"எனக்குக் குளிரல!" என்று திரும்பிக் கத்தினாள் ஓர்லா. உதடு நீலம் பாய்ந்திருந்தது.

மஜெல்லா தன் கோட்டை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கி வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. மகளின் தோளில் கோட்டைப் போர்த்தி, கழுத்துவரை பொத்தானை மாட்டினாள். கோட்டு ஓர்லாவின் முழங்காலுக்கும் கீழே தொங்கியது.

"உனக்குக் குளிராதாம்மா?" என்றாள் ஓர்லா.

மஜெல்லா பழக்கத்தில் வாயைத் திறந்தாள். சொல்ல வந்தது எனக்கே தெரியும். சொல்லாமல் மூடிக்கொண்டாள்.

"எனக்கும்தான் குளிருது," என்றாள். "நகரு, எனக்கும் இடம் குடு."

இரண்டு பேரும் ஒரே கோட்டுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்கள்.